மேற்கோள் பட்டியலில் அங்கமுத்து

1

மெல்பர்ன் நகரின் வடபகுதியில் கட்டடம் சுத்தம் செய்யும் தொழிலில் இருக்கிற யாரை வேண்டுமானாலும் நிறுத்தி, வீரய்யா என்று கேட்டுப் பாருங்கள். என் வேன் எங்கே நிற்கும் என்பது வரை சொல்வார்கள். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். தேவர்சோலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்து, ஊட்டி ஓட்டல்களின் சமையற்கட்டில் நின்று, பஹ்ரைனில் வெந்து, இந்த ஊருக்குச் சமையல்காரனாக வந்து இறங்கினேன். இன்றைக்கு என் மகள் படிக்கிற பல்கலைக்கழகத்தின் நூலகத்தைத் துடைப்பது என் கம்பெனி ஆட்கள்தான். இதை நான் எல்லோரிடமும் சொல்வேன். சொல்ல வேண்டாம் என்பாள் மகள். அதையும் சேர்த்துச் சொல்வேன்.

இப்படிப்பட்டவனுக்கு, அவள் எழுதும் ஆராய்ச்சியில் அவள் வைத்திருக்கிற பேர் ‘பங்கேற்பாளர் ஏழு’.

போன மாதம் என் அப்பாவின் திதி. என் மனைவி சரோஜா வடை தட்டிக்கொண்டிருந்தாள். மகள் கவிதா தனி வீடு பார்த்துக்கொண்டு போன பிறகு, இப்படி நாள்கிழமைக்குத்தான் தலையைக் காட்டுகிறாள். அன்றைக்குக் கையில் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தாள். இலங்கையிலிருந்து நீலகிரிக்குத் திரும்பிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைப் பற்றிய ஆராய்ச்சி. அதாவது எங்களைப் பற்றியது. பல்கலைக்கழகத்தில் கொடுப்பதற்கு முந்தைய பிரதி. “தாத்தா திதி அன்னிக்கு உங்ககிட்ட குடுக்கணும்னு வெச்சிருந்தேன்பா” என்றாள்.

எனக்கு ஆங்கிலம் பில், ஒப்பந்தம், புகார்க் கடிதம் அளவுக்கு வரும். பேர்களைப் படிக்க அது போதும். பின்பக்கத்திலிருந்து புரட்டினேன். கடைசியில் அவள் படித்த புத்தகங்களின் பட்டியல் இருந்தது. எஸ் எழுத்துக்கு வந்ததும் கண் நின்றுவிட்டது. சதாசிவம். அவர் எழுதிய ‘மலையேறிய பேனா’.

என் அப்பா படத்துக்குப் போட்ட மாலை இன்னும் வாடவில்லை. அதற்கு முன்னால் உட்கார்ந்து அந்த ஆளின் பேரைப் படிக்கிறேன். என் அப்பாவின் பேர், அங்கமுத்து, இருக்கிறதா என்று முதலிலிருந்து கடைசி வரை தேடினேன். இல்லை. என் பேரும் இல்லை.

“பாப்பா, இந்த ஆளு எப்படி இதுக்குள்ள வந்தான்?”

“அவரை நான் சைட் பண்ணித்தான் ஆகணும்பா. விட முடியாது.”

2

என் தொழிலில் சைட் என்றால் துடைக்கப் போகிற கட்டடம். நான் வாலிபனாகத் திரிந்த ஊட்டியில், பஸ் ஸ்டாண்டில் நின்று பெண்பிள்ளைகளைப் பார்ப்பதற்குப் பேர் சைட். எண்பதைத் தாண்டிய கிழவனைப் பெற்ற மகள் சைட் பண்ணித்தான் ஆவேன் என்கிறாள். நான் எழுந்தே விட்டேன்.

“ஏங்க, உக்காருங்க. அவ சொல்றது வேற” என்றாள் சரோஜா அடுப்படியிலிருந்து.

“உனக்குத் தெரியுமோ?”

“தெரியாது. ஆனா நீங்க நெனக்கிறது இல்லன்னு தெரியும்.”

மேற்கோள் காட்டுவதற்குத்தான் ஆங்கிலத்தில் அப்படிச் சொல்கிறார்கள். ஒருவர் எழுதியதை எடுத்தால், எடுத்த இடத்திலேயே அடைப்புக்குறிக்குள் அவர் பேர், வருடம், பக்கம் போட வேண்டும். கடைசிப் பட்டியலில் முழு விவரம் போட வேண்டும். தவறினால் திருட்டு. எனக்கு இந்த நியாயம் பிடித்துத்தான் இருந்தது. சொன்னவனுக்குச் சொன்ன பேர். இதில் என்ன குற்றம்?

அதற்குமேல் அவர்கள் விதித்திருக்கிற விதிகளைக் கேட்டால் தலை சுற்றும். நான்கு பக்கமும் இத்தனை ஓரம். வரிக்கும் வரிக்கும் நடுவே இன்னொரு வரி நுழைகிற அளவு இடம். ஒரு பக்கத்திலிருந்து எடுத்தால் பக்க எண்ணுக்கு முன்னால் ஒரு ‘பி’. பல பக்கத்திலிருந்து எடுத்தால் இரண்டு ‘பி’. புத்தகத்தின் பேர் சாய்ந்திருக்க வேண்டும், ஆளின் பேர் நிமிர்ந்திருக்க வேண்டும். பட்டியலில் ஒவ்வொருவருக்கும் முதல் வரி வெளியே நீட்டிக்கொண்டு நிற்க, மற்ற வரிகள் உள்ளே ஒதுங்கியிருக்க வேண்டும். அப்போதுதான் பேர் சட்டென்று கண்ணில் படுமாம். மூன்று பேருக்கு மேல் சேர்ந்து எழுதினால் உள்ளே முதல் ஆளின் பேரை மட்டும் போட்டு, மிச்சப் பேரை ‘மற்றும் பிறர்’ என்று ஒரு மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். தோட்டத்தில் பிறந்தவன் நான். அந்த மூட்டைக்குள் யார் கிடப்பார்கள் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

“சரி, நான் உன்கிட்ட மணிக்கணக்கா பேசினேனே. எனக்கு எங்க பேர்?”

“நீங்க பேட்டி குடுத்தவர்பா. பேட்டி குடுத்தவங்க பேரை மறைக்கணும். அவங்க பாதுகாப்புக்கு.”

“எனக்குப் பாதுகாப்பா? நானே செக்யூரிட்டிக்கு ஆள் அனுப்பறவன்.”

“விதிப்பா. ஒருத்தர் நேர்ல சொன்னது பட்டியல்ல வராது. அச்சுல வந்ததுதான் வரும். அவர் புத்தகம் போட்டிருக்கார்.”

3

நான் சொல்வது நடந்து பல வருடம் ஆகிறது. இலங்கையிலிருந்து கப்பலில் வந்து, ரயிலேறி, பஸ் ஏறி, அந்தத் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. என் அப்பா அங்கமுத்து கவாத்து வெட்டுகிறவர், அதாவது தேயிலைச் செடியை அளவாக வெட்டிவிடுகிற வேலை. சதாசிவம் அங்கே ரைட்டர். தோட்டத்தில் ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவர் இல்லை. யார் வேலைக்கு வந்தார்கள் என்று பதிகிறவர்.

ஒரு நாள் வேலையைப் பதிவதை எங்கள் ஆட்கள் ‘பேர் போடுவது’ என்போம். இலங்கைத் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த பேச்சு அது. முழுநாள் வேலை ஒத்துக்கொள்ளப்பட்டால் முழுப்பேர். குறை கண்டுபிடித்துப் பாதி மட்டும் கொடுத்தால் அரைப்பேர். கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் அரை நாள் என்பார்கள். சதாசிவமும் முதலில் அப்படித்தான் சொன்னார். பிறகு எங்கள் சொல்லைப் பிடித்துக்கொண்டார்.

எங்கள் லயத்துக்கு, அதாவது தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு, தண்ணீர் இல்லை. பெண்கள் அட்டைக்கடியோடு ஓடைக்கு இறங்கி ஏற வேண்டும். என் அப்பா கவாத்துக் காட்டுக்கு மேலே, சோலை ஓரத்தில் பாறை கசிகிற ஓர் இடத்தைக் கண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகப் போய்த் தோண்டினார். ஃபேக்டரியில் கழித்துப் போட்ட குழாய்களைக் கேட்டு வாங்கி, மாட்டுக்கொட்டகைப் பக்கமாக லயம் வரை இறக்கினார். தண்ணீர் வந்தது. முதல் குடத்தை என் அம்மா பிடித்தார்.

அடுத்த வாரம் ஒரு நாள், மேலே குழாய் கழன்றுவிட்டது. அப்பா தன் பங்குச் செடிகளை வெட்டி முடித்த பிறகு போய் அதை மாட்டினார். மாலையில் எல்லோரையும் நிறுத்திப் பேர் வாசிக்கிற இடத்தில், சதாசிவம் அவருக்கு அரைப்பேர் போட்டார். நான் அப்போதுதான் களையெடுக்கும் வேலையில் சேர்ந்திருந்தேன். அதே கூட்டத்தில் நின்றேன். “ஐயா, வேலை முடிச்சிட்டுத்தான் போனேன்” என்றார் அப்பா. “உனக்கெல்லாம் அரைப்பேரே ஜாஸ்தி” என்றார் சதாசிவம். கூட்டம் சிரித்தது. அப்பா கவாத்துக் கத்தியைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். சாகும் வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகு தோட்டத்து முதலாளி வந்தபோது, அந்தத் தண்ணீரைச் சதாசிவம் தன் ஏற்பாடு என்று காட்டினார். ‘மலையேறிய பேனா’விலும், தன் முயற்சியால்தான் லயத்துக்குத் தண்ணீர் வந்தது என்று எழுதியிருக்கிறார்.

4

தப்பு என்னுடையதும்தான் என்று சிலர் சொல்லலாம். நானே மகளை அவர் வீட்டுக்குக் கூட்டிப் போனவன். அப்படிச் சொல்கிறவர்களுக்கு என் பதில்: நான் போனது விருந்துக்கு இல்லை.

போன வருடம் கவிதா பேட்டி எடுக்க மலைக்கு வந்தபோது கூடவே நானும் வந்தேன். சதாசிவம் குன்னூரில் பெரிய வீட்டில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். மேட்டுப்பாளையத்திலிருந்து வாடகைக் கார், மெல்பர்னில் தைத்த கோட்டு, பளபளக்கிற ஷூ. அங்கமுத்து மகன் வந்து நிற்கிறான் என்று அவர் பார்க்க வேண்டும். படிக்கிற பேத்தியைப் பார்க்க வேண்டும். அப்புறம் தண்ணீர்ச் சேதியை அவள் முன்னாலேயே கேட்க வேண்டும். அவர் முகம் எப்படி மாறும் என்பதைப் பஹ்ரைன் காலத்திலிருந்தே நான் கற்பனை செய்து வைத்திருந்தேன்.

“வாங்க, வாங்க, உக்காருங்க. ஏனுங்க, அடையாளம் தெரியலீங்களே” என்றார். பல்செட்டு. குளிருக்குக் குல்லா. குரல் மட்டும் பழைய குரல்.

“தோட்டத்துல சிலோன் லயம். அங்கமுத்து மகன் வீரய்யா. இது என் மக, ஆஸ்திரேலியாவுல ஆராய்ச்சி பண்றா.”

“அங்கமுத்து...” என்று மேலே பார்த்தார். “எந்த அங்கமுத்துங்க? நம்ம தோட்டத்துல அந்தப் பேருல நெறயப் பேரு இருந்தாங்களே.”

நான் எதற்கும் தயாராக இருந்தேன், இதற்குத் தயாராக இல்லை. அவர் மறுப்பார், சண்டைக்கு வருவார், இல்லை கெஞ்சுவார் என்று நினைத்திருந்தேன். ஆளே நினைவில்லை என்பவனை எங்கே பிடித்து அடிப்பது?

“சோலையிலிருந்து தண்ணி கொண்டாந்தவரு. நீங்ககூட அரைப்பேர் போட்டீங்களே.”

“தண்ணியா? அது நான் கொண்டாந்ததுங்க. புக்குலயே எழுதியிருக்கேன்.” உள்ளே போய் ஒரு பிரதியோடு வந்தார். என்னை விட்டுவிட்டு மகளிடம் குனிந்தார். “கண்ணு, ஆஸ்திரேலியாவுல பெரிய படிப்புப் படிக்கறீங்களாமா? இதுல எல்லாமே இருக்குது. உங்க ஆராய்ச்சியில போட்டுக்குங்க. எழுதி வெச்சவனுக்குத்தானுங்க பேரு. வாயில பேசிட்டுப் போனவனுக்கு என்னங்க இருக்குது?”

கவிதா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னாள். அந்த வீட்டு டீயை நான் தொடவில்லை. தொடவில்லை என்பதையும் அவர் கவனிக்கவில்லை.

5

வடை ஆறிப்போன அந்தத் திதி நாளுக்கு வருகிறேன். தண்ணீரைப் பற்றி நீ என்ன எழுதியிருக்கிறாய், வார்த்தை வார்த்தையாகத் தமிழில் சொல் என்றேன். சொன்னாள். லயத்துக்குக் குடிநீர் தன் முயற்சியால் வந்தது என்று சதாசிவம் குறிப்பிடுகிறார். தன் தந்தையே அதைக் கொண்டுவந்தார் என்று பங்கேற்பாளர் ஏழு நினைவுகூர்கிறார்.

“அவன் குறிப்பிடுறான். நான் நினைவுகூர்றேன். அப்படித்தானே?”

“அப்பா, அது ஒரு நடை.”

“அந்த நடை எனக்குத் தெரியும் பாப்பா. கஸ்டமர் சொன்னா புகார். என் ஆள் சொன்னா சாக்கு. ரெண்டும் ஒரே சேதிதான். நீ யாரை நம்புறே?”

“உங்களைத்தான்பா நம்புறேன். ஆனா நம்புறது வேற, காட்டுறது வேற.”

அவள் சமாதானத்துக்கு ஒன்று சொன்னாள். ஆஸ்பத்திரியில் அவள் பிறந்தபோது, நம்மூர் வழக்கப்படி அவள் பேருக்குப் பின்னால் என் பேரை எழுதிக் கொடுத்திருந்தேன். இந்த நாட்டில் கடைசியாக வருவதுதான் குடும்பப் பேர். நாளைக்கு அவள் ஆராய்ச்சியை யார் மேற்கோள் காட்டினாலும் ‘வீரய்யா’ என்றுதான் எழுதுவார்கள். கவிதா வெறும் ‘கே’. “நான் கஷ்டப்பட்டு எழுதினதுக்கு உங்களுக்குத்தான்பா பேர். போதாதா?”

“என் பேரு எனக்கு வேன்லயே இருக்கு.”

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. என் பாஸ்போர்ட்டில் கடைசியாக இருப்பது அப்பா பேர். வங்கியில், வரி ஆபீசில், என் பல்லைப் பிடுங்கிய டாக்டரிடத்தில், எல்லோரும் என்னை மிஸ்டர் அங்கமுத்து என்றுதான் கூப்பிடுகிறார்கள். அது என் அப்பா பேர், என் பேர் இல்லை என்று இத்தனை வருடமாக எல்லோரையும் திருத்திக்கொண்டிருந்தேன்.

“பாப்பா, நான் அச்சுல எழுதினா?”

“எழுதினா சைட் பண்ணலாம்.”

“பட்டியல்ல எப்படி வரும்?”

அவள் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினாள். அங்கமுத்து என்று முழுசாக, வெளியே நீட்டிக்கொண்டு. அதன் பக்கத்தில் என் பேருக்கு ஓர் எழுத்து, ஒரு புள்ளி. எனக்கு அரைப்பேர்கூட இல்லை, அப்பாவுக்கு முழுப்பேர். ஆங்கில எழுத்து வரிசையில் ஏ எங்கே, எஸ் எங்கே. நான் சிரித்ததைக் கேட்டு சரோஜா கரண்டியோடு வந்துவிட்டாள்.

ஊரில் உங்கள் கையில் இருக்கும் இந்தப் பத்திரிகைக்கு எழுதுவது என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன். இதற்கு ஆசிரியர் உண்டு, தேதி உண்டு, பக்க எண் உண்டு.

6

அவள் முகம் மாறியது அப்புறம்தான். “அப்போ பங்கேற்பாளர் ஏழுங்கறவரை நான் எடுத்துடணும்பா. அதே கதையை நீங்க பேர் போட்டு அச்சுல எழுதிட்டா, ஏழு யாருன்னு ஊருக்கே தெரிஞ்சிடும். பேரை மறைக்கிறேன்னு எழுதிக் குடுத்துத்தான் பேட்டி எடுத்தேன். ரெண்டும் இருக்க முடியாது.”

“எடுத்தா என்ன போகும்?”

“நீங்கதான் போவீங்க. ஊட்டிக்கு வந்தது, பஹ்ரைன், இங்க முதல் சைட், எல்லாம். ஒரு அத்தியாயமே உங்க மேலதான் நிக்குது. எனக்குப் பாடம் சொல்றவருக்கு ரொம்பப் பிடிச்ச அத்தியாயம்.”

வாசிக்கச் சொன்னேன். அவள் வாசித்து, எனக்குப் புரியாத இடத்தில் தமிழில் சொன்னாள். நான் பேசியதை ஆங்கிலத்தில் கேட்டால், ஐயா, என்ன கம்பீரம்! என்னை இவள் இத்தனை கூர்ந்து கேட்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. வீட்டில் பேசும்போது போனைத்தான் பார்ப்பாள். நான் பஹ்ரைனில் பாத்திரம் கழுவிக்கொண்டே ஆங்கிலம் பழகியதைக்கூட எழுதியிருந்தாள். யாராவது இதை நூலகத்தில் எடுத்துப் படித்துவிட்டு, யாரப்பா இந்த ஏழு என்று வியப்பார்கள்.

“எடுத்துடு” என்றேன்.

“அந்தக் கிழவரைப் பழிவாங்க என் அத்தியாயத்தைப் பலி குடுக்கணுமா?”

“ஆமா.”

“அவருக்கு உங்களை ஞாபகம்கூட இல்லப்பா!”

“அதுக்குத்தான்.”

காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் போய்விட்டாள். சரோஜா என்னோடு பேசவில்லை. நாட்கள் போயின, போன் வரவில்லை. நான் நூலகத்து வேலைக்கு என் ஆட்களோடு நானே போனேன், மேற்பார்வை என்ற பேரில். அவள் வழக்கமாக உட்காரும் மேஜையைத் துடைத்தேன். அவள் அங்கே இல்லை. ஆனாலும் என் முடிவு மாறவில்லை. மாறியது என்று எழுதினால் உங்களுக்கு என்னைப் பிடிக்கும், அது பொய்.

பிறகு ஒரு சனிக்கிழமை கணினியோடு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்: “எழுதுங்க. அத்தியாயத்தை மாத்தி எழுதிக்கறேன். கொடுக்கிறது தள்ளிப் போகும், போகட்டும். ஆனா அவரைத் திட்டக் கூடாது. தண்ணி வந்த விஷயத்தை நடந்தது நடந்தபடி எழுதணும். அதுல ஒரு கெட்ட வார்த்தை இருந்தாலும் என்னால சைட் பண்ண முடியாது.”

மேலே மூன்றாம் பகுதியைத் திரும்பப் படித்துப் பாருங்கள். ஒரு வசை இல்லை. அதற்கு நான் எத்தனை காகிதம் கிழித்தேன் என்பதைச் சரோஜாவிடம் கேளுங்கள். ஆசிரியருக்கும் ஒரு வேண்டுகோள். இந்தக் கட்டுரையில் இடம் போதவில்லை என்றால் என் ஊட்டியை வெட்டுங்கள், பஹ்ரைனை வெட்டுங்கள். அந்தப் பகுதியில் கை வைக்காதீர்கள். அச்சானதும் இரண்டு பிரதி: ஒன்று கவிதாவுக்கு. இன்னொன்று குன்னூருக்கு, பதிவுத் தபாலில். செலவு என்னுடையது.

இது அச்சான பிறகு அவள் போடப் போகிற வாக்கியத்தைத் திரையில் காட்டினாள். வருடமும் பக்க எண்ணும் மட்டும் காலியாக இருந்தன. என்ன எழுதியிருக்கிறாய் என்றேன்.

“லயத்துக்குக் குடிநீரைத் தானே கொண்டுவந்ததாகச் சதாசிவம் உரிமை கொண்டாடுகிறார். அங்கமுத்து இதை மறுக்கிறார்.”

“யாரு மறுக்கிறது?”

“நீங்கதான்பா. கடைசிப் பேரைத்தானே போடணும்.”

இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். அங்கமுத்து இதை மறுக்கிறார். கூட்டத்தின் நடுவே கத்தியைத் துடைத்துக்கொண்டு பேசாமல் நடந்த மனிதர் மறுக்கிறார். மறுத்தார் என்றுகூட இல்லை, மறுக்கிறார். சதாசிவத்துக்கு எந்த அங்கமுத்து என்று தெரியாமல் இருக்கலாம். அந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவன் எவனாக இருந்தாலும், எந்த நாட்டில் உட்கார்ந்து புரட்டினாலும், என் அப்பா அவனிடம் மறுத்துக்கொண்டே இருப்பார்.